மகள் போனில் அப்பா போட்ட கட்டுப்பாடு: போட்டோ போகாமல் எடுப்பது எப்படி?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது, ப்ளஸ் ஒன். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக அவளுக்கு ஒரு போன் வாங்கி, கணவர்தான் அதில் கட்டுப்பாடு போட்டுக் கொடுத்தார். அந்தப் போன் உடைந்து வேறு போன் வாங்கியும், மகளின் ஜிமெயிலைப் போட்டவுடன் கட்டுப்பாடும் கூடவே வந்துவிட்டது. இரவு 9 மணி ஆனால் போன் பூட்டிக்கொள்கிறது, எந்த ஆப் போடவும் அப்பாவின் அனுமதி கேட்கிறது. அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், அன்று பயன்படுத்திய நம்பர் இப்போது இல்லை, பாஸ்வேர்டும் ஞாபகம் இல்லை. கடையில் 1,500 ரூபாய் கொடுத்தால் ரீசெட் அடித்துத் தருகிறேன், ஆனால் போட்டோ எல்லாம் போய்விடும் என்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி போனைத் திறப்பது பற்றி இருந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். மகளின் ஐந்து வருட போட்டோவும் கணக்கும் பத்திரமாக இருக்கவேண்டும், முடிவெடுக்கும் அதிகாரம் வீட்டில் இருக்கும் உங்கள் கைக்கு வரவேண்டும். அதனால் கடைக்காரரிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பல வருடங்களாக மொபைல் சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன், ரீசெட் அடித்து முடித்தபிறகு அழுதுகொண்டு வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இது கூகுள் ஃபேமிலி லிங்க், அதாவது பெற்றோர் தன் போனிலிருந்தே பிள்ளையின் கூகுள் கணக்கை மேற்பார்வை செய்யும் வசதி. புதுப் போனில் ஜிமெயில் போட்டவுடன் கட்டுப்பாடு கூடவே வந்தது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். இதை உறுதி செய்ய மகளின் போனில் செட்டிங்ஸ் திறந்து, கூகுள் என்ற பகுதிக்குள் பெற்றோர் கட்டுப்பாடுகள் என்பதைத் தேடுங்கள். அங்கே எந்தப் பெற்றோர் கணக்கு மேற்பார்வை செய்கிறது என்று காட்டும். பல வீடுகளில் இந்த இடத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அப்பா நினைத்துக்கொண்டிருக்கும் ஜிமெயில் ஒன்று, அங்கே காட்டுவது இன்னொன்று. அன்று அவசரத்தில் புதிதாக ஒரு ஐடி திறந்து, அதைப் பெற்றோர் கணக்காக வைத்துவிட்டு மறந்தே போயிருப்பார்கள். அந்த முகவரியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் வேறு கணக்கு.

முக்கியமான விஷயம் இதுதான்: இந்தக் கட்டுப்பாடு போனுக்குள் இல்லை, மகளின் கூகுள் கணக்கில் இருக்கிறது. அப்பாவின் போனிலிருந்து ஃபேமிலி லிங்க் ஆப்பை அழித்தாலும் போகாது. மகளின் போனை மாற்றினாலும் போகாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ரீசெட் அடித்தாலும் அந்தக் கணக்கை விட்டுப் போகாது. ரீசெட் முடிந்து போன் ஆன் ஆனதும் முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும், எங்கள் தொழிலில் எஃப்ஆர்பி லாக் என்போம், திருட்டுப் போனை விற்க முடியாமல் செய்வதற்காக வந்த பாதுகாப்பு அது. மகளின் ஜிமெயிலைப் போட்டால் பெற்றோர் பாஸ்வேர்டைக் கேட்கலாம், கேட்காவிட்டாலும் பழைய கட்டுப்பாடு திரும்ப வந்துவிடும். ஆக, போட்டோவையும் இழந்து, 1,500 ரூபாயையும் கொடுத்து, கிளம்பிய இடத்திலேயே நிற்பீர்கள். சில கடைகளில் அந்த எஃப்ஆர்பியையும் உடைத்துத் தருவார்கள். உடைத்தால் அந்தப் போன் வேறு ஐடியில் வேலை செய்யும், அவ்வளவுதான். மகளின் பழைய ஜிமெயில், அதில் ஏறியிருக்கும் போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப், பள்ளிக்குக் கொடுத்த முகவரி எல்லாம் அதே மேற்பார்வைக்குள்தான் கிடக்கும். போதாததற்கு, உடைக்கிறேன் என்று போனின் மென்பொருளையே மாற்றிவிட்டால், பேங்க் ஆப்களும் யூபிஐ ஆப்களும் அந்தப் போனில் ஓட மறுக்கலாம்.

அதனால் வேலை முழுக்க உங்கள் கணவரின் கணக்கை மீட்பதில்தான் இருக்கிறது. முதலில் அவருடைய பழைய போன் எங்கே என்று பாருங்கள். பீரோவிலோ மேசை டிராயரிலோ கிடக்கும் போனை சார்ஜ் போட்டு ஆன் செய்தால், அந்த ஜிமெயில் இன்னும் லாகின் ஆகியே இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தப் போனின் ஸ்கிரீன் லாக் தெரிந்திருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்து, பெரும்பாலும் அந்த ஸ்கிரீன் லாக்கை வைத்தே புதிய பாஸ்வேர்டு அமைத்துவிடலாம். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் பாருங்கள், அதே பாஸ்வேர்டு அங்கேயே இருக்கக்கூடும். பழைய லேப்டாப் இருந்தால் அதையும் விடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பழைய போனில் லாக் அவுட் கொடுக்காதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம்தான் வழி. இதை உங்கள் கணவர்தான் செய்யவேண்டும், அதுவும் அந்தக் கணக்கை முன்பு எந்தப் போனில், எந்த ஊரில், எந்த வைஃபையில் பயன்படுத்தினாரோ அங்கிருந்து செய்தால் வாய்ப்பு அதிகம். கேட்பது உண்மையான உரிமையாளர்தானா என்பதை கூகுள் அந்தப் பழக்கத்தை வைத்தும் எடைபோடுகிறது. மஸ்கட் போனில் அந்த ஜிமெயிலை அவர் எப்போதாவது திறந்திருந்தால் அங்கிருந்தே முயலட்டும். திறந்ததே இல்லை, எல்லாம் திருப்பூர் வீட்டில்தான் என்றால், லீவில் வரும்போது வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்வது நல்லது. கடைசியாக ஞாபகமிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்கும்போது, அரைகுறையாக ஞாபகம் இருந்தாலும் எதையாவது கொடுக்கட்டும், காலியாக விடுவதைவிட மேல். தவறான முயற்சிகளை அடுத்தடுத்துக் கொடுத்தால் சிறிது காலத்துக்கு முயலவே விடாது. அப்போது அவசரப்படாமல் காத்திருக்கவேண்டும். சில சமயம் சரியாகப் பதில் சொன்னாலும் உடனே தராமல், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத்தான் இணைப்பு அனுப்பும்.

பழைய நம்பரைப் பற்றி ஒன்று. சிம் உங்கள் கணவர் பெயரில்தான் இருந்தது, இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, சிம் மட்டும் தொலைந்தது என்றால் அடையாள அட்டையோடு போய் டூப்ளிகேட் சிம் வாங்கலாம். புது சிம் போட்ட முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, சிம் மாற்றி ஏமாற்றுவதைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. அதனால் அன்றைக்கே ஓடிபி வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்தி, கணக்கை மேலும் பூட்டிக்கொள்ளாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்தால், 90 நாள் வரைக்கும் அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், அதற்கு அப்புறம் அது இன்னொருவர் கைக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் அவருக்கு போன் செய்து ஓடிபி கேட்கும் யோசனை வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், ஓடிபி கேட்டு வரும் அழைப்பை யாரும் நம்பக்கூடாது, நம்பவும் மாட்டார்.

இதில் எது நிச்சயம், எது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவரின் கணக்கு மீண்டுவிட்டால் கட்டுப்பாட்டை ஒரு போட்டோகூடப் போகாமல் எடுக்கலாம் என்பது நிச்சயம். ஆனால் கணக்கு மீளுமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, நான் முடித்துத் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னொரு கவலையும் உங்களுக்கு வரலாம். இரண்டு வருடமாக யாருமே தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் ஆரம்பித்தது. ஆனால் ஃபேமிலி லிங்கில் ஒரு பிள்ளையின் பயன்பாட்டில் உள்ள கணக்கை மேற்பார்வை செய்யும் கணக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு, அதனால் உங்கள் கணவர் அந்த ஐடியை வெகுநாளாகத் திறக்காவிட்டாலும் அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம்.

கணக்கு மீண்டதும் அவர் தன் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு அந்த ஐடியில் உள்ளே வரட்டும். மகளின் பெயரைத் தொட்டு, கட்டுப்பாடுகளுக்குள் கணக்கு அமைப்புகள் என்ற பகுதிக்குப் போனால் மேற்பார்வையை நிறுத்தும் தேர்வு இருக்கும். மெனு பெயர்களை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் நான் எழுதிய சொல் அப்படியே இல்லையே என்று திகைக்கவேண்டாம், மேற்பார்வை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். மகளுக்கு 13 தாண்டிவிட்டதால் இந்தத் தேர்வு கிடைக்கும். 13க்குக் கீழே என்றால் மேற்பார்வையை நிறுத்தவே முடியாது, தளர்த்த மட்டும்தான் முடியும். இங்கே ஒரு சிக்கல் வரலாம்: அன்று அவசரத்தில் பிறந்த தேதியை எப்படியோ போட்டிருந்தால், கூகுளைப் பொறுத்தவரை உங்கள் மகள் இன்னும் சின்னக் குழந்தை. நிறுத்தும் தேர்வு காணவில்லையென்றால் முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். 13 ஆன சமயத்தில் மகளுக்கும் அப்பாவுக்கும் கூகுளிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கவேண்டும், அதை யாரும் கவனித்திருக்கமாட்டீர்கள். மகள் தன் பக்கத்திலிருந்தே நிறுத்த முயலலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வழியை கூகுள் இறுக்கிக்கொண்டே வருகிறது, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், கணக்கு கிடைத்த அன்றே மொத்தமாக நிறுத்தவேண்டாம். முதலில் உங்கள் கணவர் உங்களையும் குடும்பக் குழுவில் இன்னொரு பெற்றோராகச் சேர்க்கட்டும். இதை அவரால்தான் செய்யமுடியும், ஒரு நிமிட வேலை, அதற்குப் பிறகு உங்கள் போனிலிருந்தே பெரும்பாலானவற்றை மாற்றலாம், மஸ்கட்டுக்கு போன் போட்டுக் காத்திருக்கவேண்டாம். இரவு 9 மணிப் பூட்டை அன்றே எடுத்துவிடுங்கள், ப்ளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு அது பொருந்தவே பொருந்தாது, பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்த நேரம் அது. இருப்பிடம் பார்ப்பதை அவளிடம் பேசி முடிவு செய்யுங்கள். காசு கொடுத்து வாங்குவதற்கான அனுமதியை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம். எதை எடுத்தோம், எதை வைத்திருக்கிறோம், ஏன் என்பதை அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளைக் கோபப்படுத்துவது பூட்டைவிட, தனக்குத் தெரியாமல் தன் போனில் என்னவோ நடக்கிறது என்ற எண்ணம்தான். அதற்குப் பிறகு பரீட்சை முடிந்தோ, காலேஜ் சேரும்போதோ முழுவதுமாக நிறுத்திவிடலாம்.

கணக்கு கிடைக்கும்வரை என்ன செய்வது என்பீர்கள். பூட்டாத பகல் நேரத்தில் போட்டோவையும் வீடியோவையும் யூஎஸ்பி கேபிள் போட்டு ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிவிடுங்கள், இன்றைக்கே செய்யுங்கள். வாட்ஸ்அப் சாட்களை வேறு போனுக்கு மாற்றவேண்டியிருந்தால், இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து கியூஆர் கோடு மூலம் மாற்றும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. போன் பூட்டியிருக்கும்போதும் உள்ளே வரும் அழைப்பை அவள் எடுக்கலாம், அவசர அழைப்பும் போகும், அந்தப் பயம் வேண்டாம்.

கணக்கு மீளவே இல்லை என்ற நிலை வந்தால், கசப்பாக இருந்தாலும் ஒரே வழிதான்: போட்டோவை எல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட்டு, மகளுக்கு சரியான பிறந்த தேதியோடு புதிய கணக்கு, பள்ளியிலும் தேர்வுப் பதிவுகளிலும் கொடுத்த பழைய ஜிமெயிலை ஒவ்வொன்றாக மாற்றுவது. போனுக்கு பில் இருந்தால் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் நிலைமையைச் சொல்லுங்கள், தெருமுனைக் கடையில் உடைப்பதைவிட அது மேல். டேட்டா அங்கேயும் அழியும், அதனால்தான் முதலில் காப்பி எடுக்கச் சொல்கிறேன்.

இதைத் தேடும்போது கண்ணில் படும் இரண்டு விஷயங்களைத் தொடவே தொடாதீர்கள். பாஸ்வேர்டு இல்லாமல் ஃபேமிலி லிங்கை எடுத்துவிடும் என்று சொல்லிப் பரப்பும் ஏபிகே கோப்புகள், அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிப் போடும் ஆப்கள், ஒன்று. அவை நிறுவும்போது அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் வருவதை எல்லாம் அந்த ஆப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் செய்யலாம், ஓடிபி உட்பட. இன்னொன்று, கூகுள் கஸ்டமர் கேர் என்று இணையத்தில் கிடக்கும் போன் நம்பர்கள். கூகுள் தன் இலவசக் கணக்கை மீட்டுத்தர போனில் பேசுவதே இல்லை. அந்த நம்பரில் எடுப்பவர் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். ஏற்கனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள், சைபர் பண மோசடிக்கான உதவி எண் அது.

இதே கேள்வியோடு வேறு போன் வைத்திருப்பவர்களும் இங்கே வருவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபோன், ஐபேடில் இருப்பது ஸ்கிரீன் டைம், அதற்கு நாலு இலக்க பாஸ்கோடு. பிள்ளையின் கணக்கு ஆப்பிள் குடும்பப் பகிர்வில் இருந்தால் அந்தப் பாஸ்கோடை மறந்துவிட்டாலும் கவலையில்லை, பெற்றோர் தன் ஐபோனில் ஸ்கிரீன் டைம் போய், பிள்ளையின் பெயரைத் தொட்டு, தன் முகத்தையோ விரலையோ காட்டி மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் போனிலேயே தனியாகப் போட்டிருந்தால், பாஸ்கோடு மறந்துவிட்டது என்பதைத் தொட்டு, அதை அமைத்தபோது கொடுத்த ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டும். ஊகித்து அடித்தால் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டால் பழைய பாஸ்கோடும் கூடவே திரும்பி வரும், நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் மட்டும் வயது வரம்பு போட்டு அதன் பின் நம்பரை மறந்திருந்தால் விஷயம் மிக எளிது. செட்டிங்ஸில் ஆப்கள் பகுதியில் பிளே ஸ்டோரின் சேமிப்பகத்துக்குள் போய் டேட்டாவை அழித்தால் போதும், கூகுளே சொல்லும் வழி அது, போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. வேறு கம்பெனியின் கண்காணிப்பு ஆப்பாக இருந்து அன்இன்ஸ்டால் ஆக மறுத்தால், பெரும்பாலும் அதற்கு டிவைஸ் அட்மின் என்ற, போனையே நிர்வகிக்கும் அனுமதி கொடுத்திருப்பீர்கள், பாதுகாப்பு அமைப்புகளில் அதை எடுத்துவிட்டு அழியுங்கள். பள்ளியோ கோச்சிங் சென்டரோ கொடுத்த டேப் என்றால் அவர்களிடமே கேளுங்கள், அதை அவர்கள் தங்கள் சர்வரிலிருந்து நிர்வகிக்கிறார்கள், நீங்கள் எதை அழித்தாலும் நெட் வந்தவுடன் திரும்ப வந்து உட்காரும்.

பெற்றோருக்குத் தெரியாமல் இதை எடுக்க வழி தேடி வந்த பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ரகசிய வழி எதையும் நான் தரப்போவதில்லை, ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம் என்பதையும் மறுக்கமாட்டேன். 15 வயதில் பத்து வயதுக் கட்டுப்பாடு தாங்கமுடியாதுதான். எந்த நேரம், எந்த ஆப், எதற்காக என்று எழுதி எடுத்துக்கொண்டு அம்மாவிடமோ அப்பாவிடமோ போய்க் கேளுங்கள். நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வீட்டில் உங்களைப் புரிந்துகொள்ளும் சித்தப்பாவையோ அத்தையையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏபிகே போட்டுப் பார்க்காதீர்கள், அதே போனில் அம்மாவின் பேங்க் மெசேஜும் வந்துகொண்டிருக்கலாம்.

சகோதரி, மேற்பார்வை முழுவதுமாக நீங்கிய பிறகு மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மகளின் கூகுள் கணக்கில் மீட்பு நம்பராகவும் மீட்பு மெயிலாகவும் இன்னும் அப்பாவின் பழைய விவரம்தான் இருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டு அவளுடைய நம்பரையும் உங்கள் மெயிலையும் போடுங்கள். பிறந்த தேதி சரியாக இருந்தால் 18 வரைக்கும் வயது வரம்புள்ள யூடியூப் வீடியோக்களை கூகுள் தானாகவே தடுக்கும், அதற்காகத் தனியாக எந்த ஆப்பும் தேவையில்லை. முதலில் அந்தப் பெற்றோர் கட்டுப்பாடுகள் திரையில் எந்த முகவரி வருகிறது, உங்கள் கணவர் அதைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று பார்த்துச் சொல்லுங்கள். முழு முகவரியை இங்கே பொதுவில் எழுதவேண்டாம், அவர் இப்போது பயன்படுத்தும் ஐடிதானா இல்லையா என்று சொன்னால் போதும்.